பாங்காக்கில் பணியேற்கும் மருமகனுக்கு: தொண்ணூறு நாள் அறிவிப்பு குறித்து



தாய்லாந்தில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்தாருடன் சேர்ந்து வாழ்வதற்காகவோ தற்காலிக அனுமதியில் தங்கும் வெளிநாட்டவர், அந்நாட்டுக்குள் தொடர்ந்து 90 நாள் இருந்துவிட்டால், தாம் குடியிருக்கும் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், அதன்பின் ஒவ்வொரு 90 நாளுக்கு ஒருமுறையும் அவ்வாறே தெரிவித்துவர வேண்டும் என்றும் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு விதிக்கிறது. தாய்லாந்தில் வழங்கும் புத்த ஆண்டுக் கணக்கில் 2522 எனப்படும் 1979-இல் இயற்றப்பட்ட இச்சட்டம், சட்டைப்பையில் கைப்பேசியும் விமான நிலையத்தில் முகத்தை அடையாளம் காணும் கருவியும் இல்லாத காலத்தில், அயலார் எங்கே இருக்கிறார் என்பதைக் காவல்துறை காகிதத்தின் வழியாக மட்டுமே அறிய முடிந்த நிலையில் எழுதப்பட்டது. காலம் மாறினாலும் விதி மாறவில்லை. ஆகவே பாங்காக்கில் பணியேற்கும் இளைஞர் எவரும், அலுவலகத்தில் முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்கு முன்பே, இந்த விதியின் உள்ளமைப்பைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

இமிகிரேஷன் ஆபீஸ் என்றதும் பலருக்கும் நீண்ட வரிசையே நினைவுக்கு வந்தாலும், அங்கு ஏற்படும் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு வரிசை காரணமன்று. வெவ்வேறான நான்கு கடமைகளை ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வதே காரணம். முதலாவது, தங்கும் அனுமதி. விசா என்பது நாட்டின் வாயிலில் காட்டப்படும் நுழைவிசைவு மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நிர்ணயிப்பது கடவுச்சீட்டில் அதிகாரி குத்தும் முத்திரையில் உள்ள தேதி. வேலைக்குரிய ‘நான்-இமிகிரன்ட் பி’ விசாவில் வருபவருக்கு முதலில் 90 நாளும், பின்னர் நிறுவனத்தின் ஆவணங்களைக் கொண்டு 1,900 பாட் கட்டணத்தில் பெரும்பாலும் ஓராண்டு நீட்டிப்பும் கிடைக்கின்றன. இரண்டாவது, ரீ-என்ட்ரி பெர்மிட் எனப்படும் மறுநுழைவு அனுமதி. ஓராண்டு நீட்டிப்புப் பெற்றவர் இதை வாங்காமல் ஊருக்குப் புறப்பட்டுவிட்டால், விமானம் ஏறியவுடனே அந்த நீட்டிப்பு செல்லாததாகிவிடும். ஒருமுறைக்கான இந்த அனுமதிக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். அலுவலகத்தில் வாங்க மறந்தவர் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கோ திருமணத்துக்கோ அவசர மரணச் செய்தி கேட்டோ திடீரெனப் புறப்பட நேரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பலமுறை அனுமதியே ஏற்றது. இதில் சிக்கனம் பார்ப்பது தவறு. மூன்றாவது, வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டிய பதிவு. நான்காவதுதான் தொண்ணூறு நாள் அறிவிப்பு. இந்த அறிவிப்பைச் செய்துவிட்டதனால் தங்கும் அனுமதி ஒரு நாள்கூட நீளாது. அனுமதி ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பதனால் அடுத்தடுத்த அறிவிப்புகள் விலகிவிடுவதும் இல்லை.

நாள் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவது பயன்தரும். லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 அன்று தாய்லாந்தில் இறங்கியவருக்கு அந்நாளே முதல் நாளாகக் கொள்ளப்படுவதால், மார்ச் 31 அன்று 90 நாள் நிறைவுறும். நேரில் அறிவிப்பவர் அதற்கு 15 நாள் முன்பிருந்து, அதாவது மார்ச் 16 முதல், கெடு கழிந்த 7 நாள் வரை, அதாவது ஏப்ரல் 7 வரை, அபராதமின்றி அறிவிக்கலாம். இணையவழியில் அறிவிப்பவருக்கு அந்தப் பின்சலுகை இல்லை; அவர் கெடுவுக்கு 15 நாள் முன்பு தொடங்கி, குறைந்தது 7 நாள் முன்பாகவே, அதாவது மார்ச் 24-க்குள், விண்ணப்பித்துவிட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புபவர் கெடுவுக்கு 15 நாள் முன்பே அனுப்பியாக வேண்டும். இடையில் ஒருவர் மார்ச் 20 அன்று சென்னைக்குப் புறப்பட்டு 25 அன்று திரும்பினால் பழைய கணக்கு அழிந்து, மார்ச் 25-ஐ முதல் நாளாகக் கொண்டு புதிய கணக்குத் தொடங்கும். இதை அறியாமல் பழைய அறிவிப்புச் சீட்டில் உள்ள தேதியை நம்பி வரிசையில் நின்று திரும்பி வருவோரும் உண்டு; புதிய கணக்கைத் தொடங்கவே மறந்து அபராதம் கட்டுவோரும் உண்டு.

கெடு தவறியவர் தாமாகவே முன்வந்து அறிவித்தால் 2,000 பாட் அபராதத்தோடு விவகாரம் முடிந்துவிடும். சட்டத்தின் 76-ஆம் பிரிவோ 5,000 பாட் வரையிலும், அதற்குமேல் மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 பாட் வரையிலும் விதிக்க இடம் தருகிறது. எனவே தவறு நேர்ந்துவிட்டால் மறுநாளே சென்று பணம் கட்டி ரசீது பெறுவதுதான் அறிவுடைமை. பயந்து ஒதுங்குவதால் அது பெரிதாகுமே தவிரக் கரையாது. ஆனால் தங்கும் அனுமதியே முடிந்தபின்னும் இருந்துவிடும் ஓவர்ஸ்டே முற்றிலும் வேறான குற்றம் என்பதை மருமகன் நன்றாக மனத்தில் பதிக்க வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரை அபராதம் உண்டு. 2016 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, 90 நாளுக்குமேல் அவ்வாறு தங்கித் தாமே வெளியேறுபவருக்கு ஓராண்டும், அவ்வாறு தங்கியது ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலும் பிடிபட்டவருக்கு ஐந்தாண்டும் மீண்டும் நுழையத் தடை விதிக்கப்படுகிறது. வேலையின் பெயரால் பெற்ற அனுமதி அந்த வேலையோடு முடிவதால், கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதும் இளைஞர் கடைசி வேலைநாளுக்கு மறுநாள் தமது நிலை என்ன என்பதைக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு உரிமையாளரின் பதிவு என்பது சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வருகிறது. தம் வீட்டிலோ விடுதியிலோ வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 என்னும் படிவத்தின் மூலம் தெரிவிக்க வேண்டும். இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. சென்னையில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிக்காரரும் வீட்டுக்காரரும் இதையே 24 மணி நேரத்துக்குள் செய்யக் கடமைப்பட்டவர்கள். சட்டம் உரிமையாளரைப் பொறுப்பாக்கினாலும், அவர் செய்யத் தவறியதன் விளைவு குடியிருப்பவரின் தலையில்தான் விழுகிறது. பல அலுவலகங்களில் இந்தப் பதிவின் ரசீது இல்லாதவருடைய அனுமதி நீட்டிப்பும் அறிவிப்பும் நிறுத்திவைக்கப்படுகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இப்பதிவைச் செய்துதருவாரா என்று உரிமையாளரிடம் கேட்டு உறுதி பெற வேண்டும். தயங்குபவரின் வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

பாங்காக்கில் வாழ்வோருக்குரிய குடிவரவு அலுவலகம், முன்பு நகரின் நடுவே சுவான் புளூ தெருவில் இருந்து, 2009-இல் வடபுறத்து லக்ஸி வட்டாரத்தில் செங் வட்டனா சாலையில் உள்ள அரசு வளாகத்தின் ‘பி’ கட்டடத்துக்கு மாறியது. நகர மையத்திலிருந்து அங்கு செல்வதே முன்பெல்லாம் அரைநாள் வேலையாக இருந்தது. அச்சாலை வழியே இளஞ்சிவப்புத் தட மோனோ ரயில் ஓடத் தொடங்கிய பின் பயணம் எளிதாகியிருக்கிறது. திங்கட்கிழமைகளிலும், ஏப்ரல் மத்தியில் வரும் சோங்க்ரான் போன்ற நீண்ட விடுமுறைகளுக்கு முன்னும் பின்னும் கூட்டம் மிகும். நண்பகலில் உணவு இடைவேளைக்காகப் பணி நின்றுவிடுவதால், பதினொரு மணிக்குப் போய்ச் சேர்பவர் பிற்பகல்வரை காத்திருக்க நேரலாம். வாரத்தின் நடுநாளில், கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்பவர் காலையிலேயே வேலைக்குத் திரும்பிவிடலாம்.

அறிவிப்புக்கு வேண்டிய டிஎம் 47 படிவம் ஒரே தாள்தான். அதனுடன் கடவுச்சீட்டையும், அதன் முகப்புப் பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை, கடைசி நீட்டிப்பு முத்திரை ஆகியவற்றின் ஜெராக்ஸ் பிரதிகளையும், முந்தைய அறிவிப்புச் சீட்டையும் கொண்டு செல்ல வேண்டும். பிரதிகள் ஒவ்வொன்றிலும் வீட்டிலேயே கையெழுத்திட்டுவிட வேண்டும். சாளரத்தில் ஆகும் நேரம் சில நிமிடங்களே. காத்திருப்பு நீள்வதற்கான காரணங்களுள் ஒன்று, முன்னால் நிற்பவர்களில் பலர் ஒரு பிரதி குறைவாகவோ படிவத்தை நிரப்பாமலோ வந்திருப்பது. தயாராக வருபவர் தம் நேரத்தை மட்டுமன்றிப் பின்னால் நிற்பவரின் நேரத்தையும் காக்கிறார் என்பதால், இதை வெறும் சாமர்த்தியமாகக் கருதாமல் ஒரு பண்பாகவே கருத வேண்டும். முதல் அறிவிப்பை நேரில் செய்தவர் அடுத்ததை இணையத்தில் செய்ய முயலலாம். முகவரி பதிவேட்டில் உள்ளபடி இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும் என்பதால், அனுமதிக்கப்பட்ட காலத்தின் முதல் நாளிலேயே அனுப்பிவிட்டால், நிராகரிப்பு வந்தாலும் நேரில் செல்ல நாள் மிஞ்சும்.

சாளரத்தின் மறுபக்கம் இருப்பவர் காலை முதல் பல மொழி பேசும் மனிதரின் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர். அவர் ஒரு பிரதி குறைவு என்று சொல்லித் திருப்பியனுப்புவதில் நாட்டையோ நிறத்தையோ இழிவுபடுத்தும் நோக்கம் இருப்பதாக உடனே முடிவு கட்டுவது நியாயமன்று. பொது இடத்தில் குரலை உயர்த்துவது தாய்லாந்தில் பேசுபவரின் மதிப்பையே குறைக்கும்.

வரிசைக்கு அஞ்சுபவரை நோக்கியே புரோக்கர்கள் வருகிறார்கள். தொண்ணூறு நாள் அறிவிப்பை வேறொருவர் வாயிலாகச் செய்ய விதி அனுமதிக்கிறது. நிறுவனத்தின் அலுவலர் சென்று செய்துவருவதில் பிழையில்லை. ஆனால், ஆளே வராமல் நீட்டிப்பு முத்திரை வாங்கித்தருவதாகவும், வங்கிக் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டித்தருவதாகவும் சொல்பவரிடம் கடவுச்சீட்டை ஒப்படைப்பவர், போலி முத்திரையோடு எல்லையில் பிடிபடும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார். குற்றவாளியாக அங்கு நிற்பவர் புரோக்கர் அல்லர், கடவுச்சீட்டுக்கு உரியவரே. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவதும் இதற்கு அடுத்தபடியான பிழை. அப்பிரிவு பணியாளரின் அறிவிப்பை நினைவில் வைத்திருக்கும். அவருடைய மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனியே நாள் கணக்கு உண்டு என்பதையும், கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப்பட்டால் பழைய முத்திரைகளைக் குடிவரவு அலுவலகத்தில் புதியதற்கு மாற்ற வேண்டும் என்பதையும் பெரும்பாலும் குடும்பமே நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

விதியைக் கடைப்பிடிப்பது வேறு, அதை நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு. வருகை அட்டையையே 2025 மே 1 முதல் மின்னணு முறைக்கு மாற்றி, வருவோரின் முகவரியை நாட்டுக்குள் நுழையும்போதே பெற்றுக்கொள்ளும் அரசு, மாறாத முகவரியை ஆண்டுக்கு நான்குமுறை மீண்டும் கேட்பதற்கு வலுவான காரணம் இல்லை. பெருஞ்செல்வரையும் உயர்திறன் வல்லுநரையும் ஈர்ப்பதற்காக 2022-இல் தொடங்கப்பட்ட எல்டிஆர் விசாவில் வருவோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தாலே போதும் என்று அவ்வரசே சலுகை தந்திருப்பதால், பாதுகாப்புக்கு ஆண்டு அறிவிப்பே போதும் என்பது அதன் சொந்த ஒப்புதலாகிறது. மியான்மரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வந்து கட்டட வேலையிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் உழைப்போருக்கும் தொண்ணூறு நாள் அறிவிப்பு உண்டு. அவர்களுக்கு வரிசையில் போகும் நாள் கூலி போகும் நாள். மாதச் சம்பளத்தில் விடுப்பு எடுத்து நிற்பவர் தம் சலிப்பைச் சொல்லும்போது அவர்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இருப்பைக் காட்ட மனிதரை வரிசையில் நிற்கவைப்பது அயல்நாட்டின் குறை மட்டுமன்று. 1983-க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த இலங்கைத் தமிழர், பதிவேட்டில் தம் இருப்பைக் காட்டுவதற்காகக் குறித்த நாளில் முகாமில் நிற்க வேண்டியவர்களாகப் பல்லாண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அம்முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அந்நிலை தொடர்ந்தது. சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு விரும்பியபோது ஊர் திரும்பக்கூடியவரின் வரிசையும், திரும்ப ஊரில்லாதவரின் வரிசையும் ஒன்றல்ல. பாங்காக்கில் பெற்ற அனுபவம், ஊருக்குத் திரும்பியபின் இவர்களுடைய நிலையைப் புரிந்துகொள்ளவும் இவர்களுக்காகப் பேசவும் பயன்பட வேண்டும் என்பது மாமாவின் விருப்பம்.

மருமகன் பாங்காக்கில் இறங்கிய முதல் வாரத்திலேயே, டிஎம் 30 பதிவின் ரசீதை வீட்டு உரிமையாளரிடமிருந்து வாங்கிவைத்து, தங்கும் அனுமதி முடியும் தேதியையும் தொண்ணூறாம் நாளையும் தனித்தனியே நாட்காட்டியில் குறித்து, கடவுச்சீட்டின் எல்லா முத்திரைப் பக்கங்களின் பிரதியையும் அவ்விரு தேதிகளையும் ஊரில் உள்ள அம்மாவுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். பின்னர் பெரிய பதவிக்கு உயர்ந்தாலும் இந்த வேலையைப் பிறரிடம் முழுதும் விட்டுவிடாதிருக்க வேண்டும் என்றும் மாமா கேட்டுக்கொள்கிறார்.

ஆசிகளுடன்,
மாமா