இலவசப் பாடம்: சேர்ந்தவர் பலர், முடித்தவர் சிலர்!



"காசு இருந்தாதான் நல்ல படிப்பு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தையே இணையத்தில் காசில்லாமல் கேட்கலாம். அதைப் பற்றி நான் படித்ததையும் பட்டதையும் எழுதுகிறேன்.

வளர்ந்த கதை

வீட்டிலிருந்தே படிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பாடம் தபாலில் வரும், கட்டணம் உண்டு.

2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், தன் பாடங்களை உலகமே இலவசமாகப் பார்க்க இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. இங்கே 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் சான்றிதழ் படிப்பும் வந்தது. 2017-இல் மத்திய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் திறந்தது. இவற்றில் பாடம் கேட்பது இலவசம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுதத்தான் கட்டணம்.

சவால்கள்

2012-இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் சேர்ந்தார்கள். தேறியவர்கள் 7,157 பேர்தான். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை!

நானும் பைத்தான் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். மூணாவது வாரத்தோட நின்னுபோச்சு. காரணங்கள்:

1. ஃபோன் அப்பாவோடது. அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாதான் கையில கிடைக்கும்.
2. ஆங்கிலம் வேகமாகப் போனது. ஒரு வீடியோவை நாலு தடவை பார்த்தேன்.
3. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. இதுதான் பெரிய குறை.

மங்கோலியா சொல்லும் பாடம்

அதே மின்சுற்றுப் பாடத்தில் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவன் முழு மதிப்பெண் வாங்கினான். எப்படி? அவன் தனியாகப் படிக்கவில்லை. தலைமையாசிரியரே அந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவர்கள் சேர்ந்து படித்தார்கள். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருவர் கருவிகளோடு வந்து செய்முறை சொல்லிக்கொடுத்தார். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். துணை இருந்த இடத்தில் அது முடிந்தது.

நாம் செய்யக்கூடியது

வள்ளுவர் கல்வியை மணற்கேணிக்கு ஒப்பிட்டார். தோண்டத் தோண்டத்தான் ஊறும். அந்தப் பெயரிலேயே தமிழக அரசின் 'மணற்கேணி' செயலி இருக்கிறது. 6 முதல் 12 வரை நம் பாடங்களுக்குத் தமிழிலேயே இலவச வீடியோ இருக்கிறது. முதலில் அதில் ஆரம்பிக்கலாம்.

ஆசிரியர்கள் அனுமதி தந்தால் சனிக்கிழமைதோறும் கணினி அறையில் ஒரு மணி நேரம் சேர்ந்து ஒரு பாடம் பார்ப்போம். புரிந்தவர் புரியாதவருக்குத் தமிழில் சொல்லட்டும். குறிப்பை இந்தச் சுவரிலேயே ஒட்டுவோம்.

நான் விட்ட மூணாவது வாரத்திலிருந்து மறுபடி தொடங்கப்போகிறேன். கூட வர்றீங்களா? அப்படியென்றால் கீழே உள்ள இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவி, வளையமாதேவி