லாச்சியை இழுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்

கேள்வி:

நாங்கள் லா கூர்நெவ்வில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சேலைகளும் பிள்ளைகளின் உடுப்பும் வைக்கப் பழைய பிரெஞ்சுக் கொமோட் (லாச்சிப் பெட்டி) ஒன்று வாங்க ஆசை. இப்போது கடையில் வரும் அமுக்கிய தூள்பலகைச் சாமான் இரண்டு தரம் வீடு மாறினாலே கழன்றுபோகிறது. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வயிறு புடைத்து, கால் வளைந்து, சிவப்பு மார்பிளும் பித்தளைப் பூ வேலையுமாக நல்ல வடிவு. 'கொமோட் ஸ்தில் லூயி கேன்ஸ்' என்று அட்டை தொங்குகிறது. 750 யூரோ. இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட சாமான் என்று கடைக்காரர் வாயால் சொல்கிறார். மற்றது நேரான வால்நட் பெட்டி, மேலே சாம்பல் மார்பிள், கைபிடியே கிடையாது. சாவியைப் போட்டுத்தான் லாச்சியை இழுக்க வேண்டும். 280 யூரோ. என் கணவர் அதைப் பார்த்து, 'சவப்பெட்டி மாதிரி இருக்கு' என்கிறார். எதை வாங்கலாம்? உண்மையிலேயே பழையதுதானா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

— வாசகி, லா கூர்நெவ், பிரான்ஸ்

பதில்:

சவப்பெட்டியை வாங்குங்கள் அம்மா. உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம். காரணங்களைக் கேட்டால் அவரும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அட்டை. கடைக்காரர் வாயால் சொன்னது ஒன்று, அட்டையில் எழுதியது வேறொன்று. பிரான்சில் பழம்பொருள் விற்பனைக்கென்றே 1981 மார்ச் 3ஆம் தேதிய அரசாணை ஒன்று இருக்கிறது. 'எப்பொக் லூயி கேன்ஸ்' என்று எழுதினால், அந்தச் சாமான் 15ஆம் லூயி ஆண்ட காலத்தில் செய்யப்பட்டது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். பிற்காலத்தில் ஏதாவது பகுதி மாற்றியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்தில் லூயி கேன்ஸ்' என்று எழுதினால் அந்த உத்தரவாதம் எதுவும் இல்லை. அந்தப் பாணியில், எந்தக் காலத்திலோ செய்தது என்பதோடு சரி. அது 1890ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 1960ஆகவும் இருக்கலாம். உங்கள் கடைக்காரர் சட்டத்துக்குப் பயந்து அட்டையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வாய்க்குத்தான் கணக்கில்லை.

பாணி மாதிரிகள் செய்வது பிரான்சில் பழைய தொழில். பாரிசில் ஃபோபூர் சேன்-அந்துவான் பகுதித் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டில் 15ஆம், 16ஆம் லூயி காலச் சாமான்களைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அவர்களில் பிரான்சுவா லின்க் போன்ற சிலரின் வேலை இன்று மூல காலச் சாமான்களில் பலவற்றைவிட விலை கூடியது. ஆகவே 'ஸ்தில்' என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தத் தரத்து வேலை 750 யூரோவுக்கு வராது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில், கடைகளுக்காக மொத்தமாகச் செய்து விற்றதாகவே இருக்கும்.

எப்படி உறுதிப்படுத்துவது? முகப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏமாற்ற நினைப்பவர் எல்லா உழைப்பையும் போடுவது முகப்பில்தான். ஒரு லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, தலைகீழாகப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

லாச்சியின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அதைக் கையால் வெட்டினார்கள். பற்கள் பெரிதாகவும் குறைவாகவும் இருக்கும். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். தச்சர் கோடு கீறிய கூரான தடம்கூடச் சில இடத்தில் தெரியும். எல்லாப் பல்லும் ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக இருந்தால் இயந்திர வேலை. அடிப்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை, அது 20ஆம் நூற்றாண்டுச் சாமான். உண்மையான பழைய அடிப்பலகை முழுமரமாக இருக்கும், குறுக்கே காய்ந்து சுருங்கி ஒரு வெடிப்போ இடைவெளியோ விட்டிருக்கும். அந்த வெடிப்பைக் குறை என்று நினைத்து விலை பேசாதீர்கள். விரலை அடிப்பக்கத்தில் மெல்லத் தடவினால், கைச்சீவுளி விட்ட அலை தட்டுப்படும். வட்ட வாள் பயன்பட்ட மரத்தில் அரைவட்டக் கீறல்கள் தெரியும். அந்த வாள் மரப்பட்டறைகளுக்குப் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அடுத்து தேய்மானம். நூறு வருடம் இழுத்து மூடிய லாச்சியின் பக்கப்பலகை அடியில் வளைந்து தேய்ந்திருக்கும். அது ஓடும் உள்கட்டையிலும் அதற்கு ஒத்த பள்ளம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் வேறு எங்கிருந்தோ வந்த லாச்சி. இந்த வியாபாரத்தில் ஒரு பெட்டியின் உடலும் இன்னொன்றின் லாச்சியும் சேர்ந்து 'கல்யாணம்' முடிப்பது சாதாரணம். கைபிடிக்குப் பின்னால் உள்பக்கம் பாருங்கள்: மரத்துண்டால் அடைத்த பழைய ஓட்டைகள் இருந்தால் கைபிடி மாறியிருக்கிறது. அது பெரிய குற்றம் இல்லை. பாஷன் மாறினால் கைபிடியை மாற்றுவது அந்தக் காலத்திலும் வழக்கம். விலையைக் குறைக்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, உரிந்த மூலை இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள், கனத்தை அளக்கலாம். கைவாளால் அறுத்த பழைய வெனீர் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்கூட இருக்கும். இயந்திரம் சீவியது கடதாசிபோல மெல்லியது. மார்பிளின் மேல்பக்கத்தைப் பாராட்டிய பிறகு அடியில் கை விடுங்கள். பழைய கல்லின் அடி கரடுமுரடாக, உளி கொத்திய குழிகளோடு இருக்கும். மேலும் கீழும் ஒரே வழுவழுப்பு என்றால் புதிய கல். ஆனால் கல் உடைந்து மாற்றுவதும் நடக்கும் என்பதால், கல்லை மட்டும் வைத்துப் பெட்டியைத் தீர்மானிக்க முடியாது.

பூச்சி ஓட்டையைக் காட்டி 'பாருங்கோ, எவ்வளவு பழசு' என்பார்கள். நம்பவேண்டாம். மரப்பூச்சி போன வருட மரத்தையும் துளைக்கும். ஆனால் அந்த ஓட்டையே ஒரு சாட்சியும்கூட. பூச்சி மரத்துக்குள்ளே வளைந்து வளைந்து போய், வட்டமான ஒரு துளை போட்டு வெளியே வரும். மேற்பரப்பில் நீளமாக ஓடாது. மேற்பரப்பில் திறந்த கால்வாய்போல நீளத் தடம் தெரிந்தால், ஏற்கெனவே உளுத்த பழைய மரத்தை யாரோ பிறகு அறுத்துப் புதிய சாமான் செய்திருக்கிறார்கள். துளைக்குக் கீழே வெளிர்நிற மா கொட்டிக் கிடந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே மூன்றாம் மாடிக்கு ஏற்றாதீர்கள்.

முத்திரை பற்றியும் கேட்பீர்கள். பாரிஸ் தச்சர் சங்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொண்டுவந்த விதிப்படி, மாஸ்டர் தச்சர் தன் பெயரை மரத்தில் பதிக்க வேண்டும். பெரும்பாலும் மார்பிளைத் தூக்கினால் முன் நிலைக்கட்டையின் மேல்முனையில் இருக்கும், பக்கத்தில் ஜே.எம்.இ. என்ற சங்க முத்திரையும். புரட்சிக்குப் பின் 1791இல் சங்கங்களே கலைந்தன. வெண்கலப் பூ வேலையில் முடிசூடிய 'சே' எழுத்து இருந்தால் அது 1745 முதல் 1749 வரை வாங்கிய வரியின் அடையாளம். இவை இருந்தால் சந்தோஷம், ஆனால் ஒரு அச்சுக்கட்டை இருந்தால் எவரும் இன்றும் குத்தலாம். அரசருக்கு வேலை செய்தவர்களும் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களும் முத்திரை குத்தாமலே அருமையான வேலை செய்திருக்கிறார்கள். முத்திரைக்காக அதிகக் காசு கேட்டால் தனியாக ஒரு நிபுணரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

நிபுணர்களுக்கும் சறுக்கும். வெர்சாய் அரண்மனையே 18ஆம் நூற்றாண்டு அரச கதிரைகள் என்று நம்பிப் போலிகளை வாங்கியது. 2016இல் விஷயம் வெளியே வந்தது. செய்தவர்களில் ஒருவர் அந்தக் காலக் கதிரைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். புதிய மரத்துக்குப் பழைய நிறம் ஏற்ற அதிமதுரம் பூசியிருந்தார்கள். ஒரு வியாபாரி சந்தேகப்பட்டுக் கதிரையை நாக்கால் நக்கிப் பார்த்து அந்த ருசியைப் பிடித்தார். நீங்கள் நக்க வேண்டியதில்லை, உங்கள் விலையில் அவ்வளவு மினக்கெட்டுப் போலி செய்ய எவருக்கும் கட்டுப்படியாகாது.

இனி உங்கள் வால்நட் பெட்டி. நீங்கள் எழுதிய அடையாளங்கள் லூயி பிலிப் கால (1830–1848) வகைக்கு அப்படியே பொருந்துகின்றன: நேர்கோடு, சாம்பல் மார்பிள், கைபிடி இல்லாமல் சாவியால் இழுக்கும் லாச்சி. மேல் லாச்சியின் முகம் மார்பிளுக்குக் கீழே சற்று வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் வெறும் பீடம்போலத் தெரியும் பலகையையும் இழுத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் அதுவும் ஒரு லாச்சிதான், கல்யாணச் சேலைக்கு நல்ல இடம். இந்த வகையை பிரான்ஸ் முழுக்க அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களுக்காக ஏராளமாகச் செய்தார்கள். பின்னாலும் செய்துகொண்டே இருந்தார்கள், அதனால் உங்களுடையது 1870ஆகவும் இருக்கக்கூடும். ஏராளம் என்பதால்தான் மலிவு. அதோடு, இளம் தலைமுறை கனத்த பழுப்புத் தளபாடம் வேண்டாம் என்று ஒதுக்கியதில் விலை இன்னும் இறங்கிவிட்டது. வாங்குபவருக்கு இது நல்ல காலம். லாச்சி ஆழமானது, மரம் பழுது பார்க்கத் தாங்கும், ஒரு பல் உடைந்தால் எந்தத் தச்சரும் திருத்துவார். வயிறு புடைத்த பெட்டியின் வளைந்த வெனீர் எழும்பினால் திருத்தக் கொடுக்கும் கூலி பெட்டி விலையைத் தாண்டும்.

வளைந்த வடிவுதான் மனசுக்குப் பிடிக்கிறது என்றால் அவசரப்படாமல் பிரான்சின் மாகாணக் கொமோட்டுகளைத் தேடுங்கள். புரொவான்சில் வால்நட்டில் செதுக்கியவை, போர்தோவில் முழு மகோகனியில் செய்தவை. அந்த மகோகனி துறைமுகத்துக்கு வந்தது அடிமை வியாபாரத்தில் கொழித்த கப்பல்களில் என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். இந்த மாகாணக் கொமோட்டுகளில் பல வெனீர் ஒட்டாத முழுமரம் என்பதால் வீட்டுப் பாவனைக்குத் தாங்கும். உண்மையான 18ஆம் நூற்றாண்டுச் சாமான் என்றால் விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும் என்று எதிர்பாருங்கள். வாங்கும் முன் கண்ணைப் பழக்க கார்னவலே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நிரந்தரக் காட்சிக்கு நுழைவு இலவசம். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே ஒரு அருங்காட்சியகத்துக்கும் போங்கள்: வாலஸ் கலெக்‌ஷனில் 15ஆம் லூயியின் படுக்கையறைக்காக 1739இல் தச்சர் கோத்ரோ செய்த கொமோட் நிற்கிறது. அதை ஒருமுறை பார்த்தவருக்கு 750 யூரோப் பெட்டியின் பித்தளைப் பூ எவ்வளவு சோம்பலாக வார்த்தது என்று தானாகத் தெரியும்.

எங்கே தேடுவது? லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் நம்மவர்கள் கார் து நோரில் மெற்றோ 4 பிடித்தால் போர்த் த கிளிஞ்ஞாங்கூரில் இறங்கி சேன்-ஊவன் சந்தைக்கு நடந்தே போகலாம். அங்கே பார்த்துப் பழகலாம், ஆனால் விலை கூடவாக இருக்கும். எமாவுஸ் தொண்டமைப்பின் கிடங்குகளில் லூயி பிலிப் பெட்டிகள் அடிக்கடி வருகின்றன. துருவோ ஏல மண்டபத்தில் ஏலத்துக்கு முந்திய நாள் பார்வைக்கு எவரும் போய் லாச்சியை இழுக்கலாம், ஏலம் எடுப்பதானால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் பெரும்பாலும் கால்வாசிக்கும் கூடுதலாகக் கட்டணம் வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

படிக்கட்டின் திருப்பத்தை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். மார்பிளைத் தனியாக, கண்ணாடித் தகடுபோல விளிம்பில் நிறுத்தித் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்தாலேயே முறியும். லாச்சிகளைக் கழற்றித் தனித்தனியாக ஏற்றுங்கள். வீட்டில் ரேடியேட்டரை ஒட்டி வைக்கவேண்டாம், குளிர்காலச் சூடு மரத்தை வெடிக்க வைக்கும். உள்ளே பழைய மரத்தின் நெடி இருந்தால் லாச்சிகளைச் சில நாள் காற்றாட விட்டு, அமிலமில்லாத வெள்ளைத்தாள் விரித்துப் பிறகு சேலையை அடுக்குங்கள்.

இரண்டில் எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். நீங்கள் கேட்டால் பொருளின் தன்மை, மரம், காலம் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டியது விற்பவரின் கடமை, அதே 1981 அரசாணைப்படி. வால்நட் பெட்டிக்கு 280 யூரோ சரியான விலை, பூச்சி மட்டும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு புடைத்த பெட்டிக்கு 'எப்பொக்' என்று எழுதித் தர அவர் மறுத்தால் முந்நூறு யூரோவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.