பாவு நீளும் தெருவில் ஒரு சுவர்

அன்புள்ள இளம் ஓவியருக்கு,

பெரிய காஞ்சிபுரத்தின் நெசவைப் போற்றிச் சுவரோவியம் என்றதும் கை தானாக மயிலையும் மணப்பெண்ணையும் வரையப் போகும். அந்த இரண்டும் காந்தி ரோட்டு விளம்பரப் பலகைகளில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. ஊர்ச் சுவர்களில் காணக் கிடைக்காதது அந்தச் சேலையை உண்டாக்கும் வேலை.

வேலையை எப்படிக் காட்டுவது என்பதற்குச் சென்னை மெரினாவில் பாடம் இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959இல் நிறுவப்பட்டது. பாறையை நெம்பும் அந்த உருவங்களுக்கு மாதிரியாக நின்றவர்கள் ஓவியக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும். அதில் முகத்தைவிட முதுகும் தொடையும்தான் அதிகம் பேசுகின்றன.

தறியில் பேசுவது விரல். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவரும் உதவியாளும் அருகருகே அமர்ந்து, குறுக்கே ஓடும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கவ்வும்படி ஒவ்வோர் ஓட்டத்திலும் கோத்து வாங்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும் புதுப் பாவைப் பழைய இழைகளோடு பிணைப்பார்கள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு, இழைக்கு இழை முறுக்கி, ஆயிரக்கணக்கில். ஒருநாள் முழுக்க அருகில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலை மட்டும் வரைந்து பாருங்கள்.

டிசைன் போடுபவரையும் சந்திக்க வேண்டும். கட்டக் காகிதத்தில் ஒவ்வொரு கட்டமும் எந்த இழை எழ வேண்டும் என்ற கணக்கு. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்ட் அட்டையில் துளை விழுகிறது. சுவரில் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கும் உங்கள் முறைக்கு அது பங்காளி. சேலையின் மல்லிமொக்கு, வைரஊசி வடிவங்களைத் தவறாக வரைந்தால் தெருவில் போகும் பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

ஊரின் பழமைக்கும் சான்று உண்டு. 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடு, ஊரகம் கோயிலின் நிர்வாகப் பொறுப்பு காஞ்சி நெசவாளர் குடியிருப்புகளிடம் இருந்ததைச் சொல்கிறது. பெரிய காஞ்சிபுரத்தின் உலகளந்த பெருமாள் கோயில்தான் அந்த ஊரகம். தறிக்காரர் கோயில் கணக்குப் பார்க்கும் காட்சியைக் கடை விளம்பரங்களில் தேடிப் பயனில்லை.

ஆனால் இந்தச் சுவரோவியத்தை மூடிய மில்லுக்கு எழுப்பும் நினைவுச்சின்னம்போல அணுகக் கூடாது. மும்பையின் மீன்பிடித் துறையான சசூன் டாக்கில் 2017இல் ஓவியர்கள் கூடியபோது மீன் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அங்கு ஒட்டப்பட்ட பெரிய முகப்படங்கள் கோலி மீனவ மக்களுடையவை. காஞ்சிபுரத்திலும் தெருவே தொழிற்கூடம். விடியற்காலையில் பாவைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அந்த வழியில் பீடமோ சிலையோ நட்டால், போற்ற வந்த கலையே பாவுக்குக் குறுக்கே நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் நீர் ஊறும். தெருவில் பாவு போட முடியாது. வரைபடத்தை எடுத்துப்போய்க் காட்டித் திருத்தம் கேட்க அதுவே நேரம். பலருக்கு அவை கூலியில்லா நாட்கள் என்பதால், அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்கான தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். சாரம் கட்டுவது தை பிறந்த பிறகு இருக்கட்டும். அதுவும் தினமும் பாவு சுருட்டிய பின்பு.