கற்ற கைகள் மறவாதிருக்க



ஆசரிப்புக் கூடாரத்து விளக்குகள் காலையும் மாலையும் பராமரிக்கப்பட்டன. ஒருநாள் வார்த்த எண்ணெய் ஆண்டெல்லாம் போதவில்லை. உயிர்காக்கும் பயிற்சியும் அப்படியே.

இதயம் நின்றால் சுமார் 4 நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். டாக்டர் வந்து சேருமட்டும் அருகிலிருக்கும் நர்ஸின் கைகளே நோயாளியின் இதயம். நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதும் மேலெழ வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 முறை சுவாசம் கொடுக்க வேண்டும். கை தளருமுன், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். கைகளோ சில மாதங்களிலேயே மறக்கின்றன. முன்னறிவிப்பின்றி ஊழியர்களைச் சோதித்தபோது இதைக் கண்டோம். சென்ற ஆண்டு நன்றாகத் தேறிய நர்ஸ் ஒருவர், பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை மெல்லவே அழுத்தினார். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம்! குறை அவருடையதல்ல, ஒருமுறை கற்பித்துவிட்டுச் சும்மாயிருந்த எங்களுடையது.

இப்போது பொம்மையை வார்டுக்கே கொண்டுபோகிறோம். 3 மாதத்துக்கு ஒருமுறை, டியூட்டி மாறும் வேளையில், டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒவ்வொருவரும் 2 நிமிடம் பழகுகிறார்கள். தவறினால் அங்கேயே திருத்துகிறோம். அதே நர்ஸ் இன்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இப்படி முயன்றும் எல்லாரும் பிழைப்பதில்லை. ஜீவன் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. எங்கள் கைகள் ஆயத்தமாயிருப்பதோ எங்கள் கடமை. அந்தப் பொம்மை உங்கள் காணிக்கையால் வந்தது. இரவு டியூட்டியில் தனித்து நிற்கும் நர்ஸ்களை ஜெபத்தில் தாங்குங்கள்.