மடியில் வைக்கத்தக்க மடக்குக் கத்தி

கிராமவாசிகள் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் கத்தி மிக எளியது. ஆயினும் அதனைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் கவனம் சொற்பமே. உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும், கீரைக்கட்டுக்கு வாழைநார் கிழிக்கவும் கையில் அகப்பட்ட பிளேடையோ பல்லையோ உபயோகிப்போர் பலர். இவற்றில் சிறிது நேரமே வீணாகும். ஆனால் கத்தி இல்லாமையால் பெருநஷ்டம் நேரும் சமயங்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருக்கெடுத்து, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்ததை அப்பகுதியினர் மறந்திரார். அத்தகைய இரவில் மாட்டுக் கொட்டிலில் நீர் ஏறுமாயின், நனைந்த கயிற்றின் முடிச்சு விரலுக்கு அவிழாது; மாடு இழுக்க இழுக்க மேலும் இறுகும். அரிவாளைத் தேட அவகாசம் இராது. மடியிலுள்ள கத்தியே உதவும். ஆகவே, வேண்டிய கணத்தில் உடையவனிடம் இருத்தலே நல்ல கத்தியின் முதல் லட்சணமாகும்.

மடக்குக் கத்தி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஓலையில் எழுதியோர் கையாண்ட மடக்கெழுத்தாணியில், எழுத்தாணியும் ஓலை வாரும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்கும். ஸ்விட்ஜர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1891-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படையினருக்கு மடக்குக் கத்திகள் கொடுக்கத் தொடங்கினார். கூர் உள்ளே மறைவதால் துணி கிழியாது, உடம்பில் குத்தாது என்பதே இவற்றின் பொதுப் பயன்.

முதலாவது கவனிக்க வேண்டியது அளவு. அலகு 2½ முதல் 3 அங்குலம் வரை இருத்தல் போதுமானது. கயிறு, சாக்கு, நார், பழம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது தகும். இதனினும் பெரிய கத்தி மடியில் உறுத்தும். உறுத்தும் கத்தி சில நாளில் வீட்டு மாடத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, எஃகு. கரியெஃகு எளிதில் கூர் ஏற்கும். ஆனால் ஈரம் பட்டால் விரைவில் துருப்பிடிக்கும். எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகில் குரோமியம் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாது கலந்திருப்பதால் துரு எளிதில் அணுகாது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் முதலிய ஊர்களில் கடற்காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும், மடியில் ஊறும் வியர்வையும் ஒன்றுசேருகின்றன. ஆகையால் நாள்தோறும் துடைத்து எண்ணெயிட இயலாதவர் எவர்சில்வர் அலகையே கொள்வது நலம். கீல் துருவேறித் திறவாத கத்தி, இல்லாத கத்திக்குச் சமானம்.

மூன்றாவது, பூட்டு. சாதாரணப் பேனாக்கத்தியில் முதுகிலுள்ள வில் மட்டுமே அலகை நிறுத்துகின்றது. அதைக் கொண்டு இழுத்து அறுக்கலாம். முனையால் குத்தித் துளைத்தால் அலகு சட்டென மடங்கி விரலை வெட்டும். ஆதலின் திறந்த அலகைத் தடுத்து நிறுத்தும் பூட்டுடைய கத்தியே உத்தமம். பிரான்ஸ் தேசத்து ஒபினெல் கத்தியில் 1955-ஆம் ஆண்டு முதல் கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டுகின்றனர். விசையை அழுத்தியதும் அலகு தானே பாய்ந்து வரும் கத்தி வேலைக்கு அவசியமன்று. காண்போருக்குச் சந்தேகமும் உண்டாக்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பழைய கத்தி வாங்குவோர் சில சோதனைகளைச் செய்தல் வேண்டும். அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. மூடியபோது முனை பிடிக்குள் முற்றும் மறைய வேண்டும். ஈரக்கையோடு திறக்க முடிகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழுங்கிய கத்திக்கு அதிக பலம் கொடுக்க நேரும். அதனால் கை தவறிக் காயம் படுவது மிகுதி. கூர் தீட்டும்போது அலகைக் கல்லின்மீது செங்குத்தாக நிறுத்திப் பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் சுமார் 22 டிகிரி கோணம் கிட்டும். அக்கோணம் மாறாமல் இரு பக்கமும் சமமாகத் தீட்டுக. முரட்டுப் பக்கமும் மென்பக்கமும் உள்ள நல்ல சாணைக்கல்லை ஒவ்வொருவரும் வாங்குவது வீண்செலவு. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் சேர்ந்து ஒரு கல்லை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். கத்திகளையும் மொத்தமாகத் தருவித்தால் விலை நயமாகக் கிடைக்கக்கூடும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றிற்கென அமைந்தவை இதற்கு விலக்கு. மேற்கூறிய சிறு கத்தி இவ்வளவுக்கு மிகவும் உட்பட்டது. எனினும் சச்சரவில் அதைக் காட்டி மிரட்டுவோர் குற்றவாளியாவர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோகக் கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். நீதிமன்றம், பள்ளிக்கூடம் முதலிய இடங்களுக்கும், சோதனையுள்ள மெட்ரோ ரயிலுக்கும் செல்லும் நாளில் அதனை வீட்டில் வைத்துச் செல்வதே விவேகம்.

காயம் பட்டால் சோப்பும் சுத்த நீரும் கொண்டு நன்கு கழுவுதல் வேண்டும். ரண ஜன்னிக்குக் காரணமான கிருமி மண்ணிலும் சாணத்திலும் உள்ளதால், காயம் சிறிதென்று எண்ணாது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறிதல் நன்று.

ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில், பருவமழைக்கு முன்பு, கத்தியை எடுத்துக் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு துண்டு மாட்டுக்கயிற்றை நீரில் நனைத்து அறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்பில் கயிறு அறாவிடில், அன்றே அது சாணைக்கல்லுக்குப் போதல் வேண்டும்.