மீனுக்கும் வேண்டும் பல்வகை உணவு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

வண்ணமீன் வளர்ப்போர் பலர் கடையில் விற்கும் குருணைத் தீவனம் ஒன்றையே ஆண்டு முழுவதும் போட்டு வருகின்றனர். நானும் அப்படித்தான் செய்தேன். குட்டிகளை விற்றுத் தேர்வுக் கட்டணம் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. ஆத்தா சிறுவாட்டுப் பணத்திலிருந்து எடுத்துத் தந்ததில் பத்துக் கப்பி மீன்கள் வாங்கி, கொல்லையில் உள்ள சிமெண்டுத் தொட்டியில் விட்டேன்.

ஆறு மாதத்தில் ஆண் மீன்களின் வால் வெளுத்தது. குட்டிகளில் மூன்று முதுகு வளைந்து நீந்தின. வளைந்த மீனை யார் வாங்குவர்? நோய் என்று எண்ணி எங்கள் பேராசிரியரிடம் மருந்து கேட்டேன். அவரோ, "என்ன தீனி போடுகிறாய்? பொட்டலம் பிரித்து எத்தனை நாளாயிற்று?" என்றார். பொட்டலம் ஆறு மாதமாக வாய் திறந்தபடி வெயில் படும் மாடத்தில் கிடந்தது.

பெரும்பாலான மீன்களால் வைட்டமின் 'சி'யைத் தம் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. அது குறைந்தால் எலும்பு செம்மையாக வளராது, முதுகு வளையும். காற்றும் வெப்பமும் பட்ட தீவனத்தில் அச்சத்து விரைவில் அழிந்துவிடும். (பிறவிக் குறையாலும், மீன்களுக்கு வரும் காசநோயாலும்கூட முதுகு வளையலாம்.) சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினாய்டுகளையும் மீன்கள் உணவிலிருந்தே பெறுகின்றன.

கப்பியின் தாயகம் திரினிடாட், வெனிசுலா பகுதிகள். திரினிடாடிலிருந்து இதனை லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பாரின் பெயரே 1866-இல் இதற்கு இடப்பட்டது. அங்குள்ள ஓடைகளில் பாசியையும் சிறு பூச்சிகளின் புழுக்களையும் தின்று வாழ்வது இது. நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததும் கொசுப்புழுவைத் தின்பதற்காகவே. அத்தகைய மீனுக்கு நான் ஆறு மாதம் குருணை போட்டிருக்கிறேன்!

முதலில் கொசுப்புழுவையே முயன்றேன். பழைய பானையில் நீர் ஊற்றி வைத்ததும் ஆத்தா பிடித்துக்கொண்டார். "ஊரே டெங்குன்னு பயந்து கிடக்கு, நீ வீட்டுக்குள்ள கொசு வளக்குறியா? இதுக்கா காலேசுக்கு அனுப்புனேன்?" அவர் சொன்னதில் நியாயம் உண்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே நான்காம் நாளே நீர் முழுவதையும் துணியில் வடிகட்டிப் பானையைக் கவிழ்த்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்று வரை தவறியதில்லை. தவறினால் பானை உடையும்.

டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு விடியற்காலையில் ஊருணி ஓரத்தில் கிடைக்கும். மெல்லிய துணி வலை போதும். ஆனால் தும்பியின் இளம்புழு உடன் வந்தால் அது குட்டிகளையே தின்றுவிடும். வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தே போட வேண்டும். குடிநீர் ஊருணியில் மட்டும் இறங்காதீர்கள், அடி விழும். சாக்கடைச் சேற்றில் வாழும் டுபிஃபெக்ஸ் புழுவைப் பலரும் போற்றுவர். பல நாள் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பதால் நான் அதனைத் தொடவில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் முட்டை உப்பு நீரில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். குட்டி மீன்களுக்கு நல்ல உணவு, விலைதான் மிகுதி. வாரம் இருமுறை வேகவைத்த கீரையை மசித்துப் போடுகிறேன். எதுவாயினும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே போட வேண்டும். மிஞ்சினால் நீர் கெடும்.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் நேராக வளர்ந்தன. ஆண்களின் வாலில் சிவப்பு ஏறிற்று. முப்பது குட்டிகள் விற்றதில் கட்டணத்தில் பாதி தேறியது. வளைந்த மூன்றும் நிமிரவில்லை. தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். கொசுப்புழு விழுந்ததும் அவை மேலே பாய்ந்து வருவதை ஆத்தாதான் எனக்குக் காட்டினார்.