ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பின் தமிழாய்வு

முன்னுரை

முதுகலைத் தமிழ் இறுதியாண்டில் பயிலும் மாணவ மாணவியர் தம் ஆசிரியரிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, அடுத்து எம்.ஃபில். சேரலாமா?" என்பதே அவ்வினா. சில ஆண்டுகளுக்கு முன்புவரை "சேரலாம்" என்று எளிதாக விடை கூற இயன்றது. இன்று அவ்வாறு கூற இயலாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட புதிய விதிகள் அப்பட்டப் படிப்பை நிறுத்திவிட்டன. இம்மாற்றம் யாது, அதனால் நம் மாணவர்க்கு நேர்வது யாது, நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்.ஃபில். ஆற்றிய பணி

முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே ஒரு படிக்கட்டாக அமைந்தது ஆய்வியல் நிறைஞர் பட்டம். ஓராண்டு அல்லது ஈராண்டில் அதனை முடிக்கலாம். ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு தரவு திரட்டுதல், பகுத்தல், இயல் பிரித்தல், துணைநூற்பட்டியல் அமைத்தல், வாய்மொழித் தேர்வில் விடையிறுத்தல் ஆகிய பயிற்சிகளை மாணவர் பெற்றனர். இக்கட்டுரையாளரும் அவ்வழியே ஆய்வுலகிற்கு வந்தவர்களுள் ஒருவர்.

இப்பட்டத்தின் மீது குறை கூறுவோரும் உண்டு. ஒரே தலைப்பு பெயர் மாற்றத்துடன் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டது என்பர். காலக்குறைவினால் ஆழம் குன்றியது என்பர். இக்குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், ஓர் ஊர்ப் புலவர், ஒரு சிற்றிலக்கியம், ஓர் இதழின் சில ஆண்டுத் தொகுதி போன்ற சிறு பொருள்களுக்கு இடமளித்தது இப்பட்டமே. முனைவர் பட்டத்திற்கு இப்பொருள்கள் போதா என்று ஒதுக்கப்படுவதுண்டு.

சிறு ஆய்வேடு ஒரு துறையையே தொடங்கிவைக்க வல்லது என்பதற்குச் சான்று வேண்டுமாயின், இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் அவர்களை நினைவுகூரலாம். முஸ்லிம்கள் தமிழுக்காற்றிய தொண்டு பற்றி அவர் முதுகலைப் பட்டத்திற்காக ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு 1953ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பின்னர் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென அமைந்த பேராசிரியப் பொறுப்பை ஏற்றதும், பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியதும் அறிஞர் அறிந்தவை. அவ்வளவிற்கும் தொடக்கம் ஒரு முதுகலை ஆய்வேடேயாகும்.

புதிய விதிகள் கூறுவன

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். நிறுத்தப்படும் என அறிவித்தது. 2022ஆம் ஆண்டின் விதிகள் அதனை நடைமுறைப்படுத்தின. அதன் பின்னரும் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கை நடத்த முனைந்தமையால், அது செல்லத்தக்க பட்டமன்று என 2023 டிசம்பரில் மானியக் குழு எச்சரித்தது. விதிகள் வருமுன் பதிவு செய்தோர்க்கும் பட்டம் பெற்றோர்க்கும் இதனால் பாதிப்பில்லை.

முனைவர் பட்டத்திற்கான விதிகளுள் மாணவர் அறிய வேண்டுவன வருமாறு:

1. மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் ஈராண்டு முதுகலை முடித்தவர் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

2. ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டுகள். மிகுதி 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கு இவற்றின் மேலும் 2 ஆண்டுகள் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்கள் வரையும் உண்டு.

3. பகுதிநேர ஆய்வுக்கு இடமுண்டு. பணியில் உள்ளோர் தம் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று பெறுதல் வேண்டும்.

4. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்புதிய விதிகளில் இல்லை.

ஆசிரியப் பணிக்கான தகுதியிலும் தெளிவு தேவை. எம்.ஃபில். முடித்தால் கல்லூரி ஆசிரியராகலாம் என்ற எண்ணம் ஊர்களில் இன்னும் நிலவுகிறது. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு நெட், செட் ஆகிய தகுதித் தேர்வுகளுள் ஒன்றில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் விருப்பத் தகுதி. 2024 ஜூன் பருவம் முதல் நெட் தேர்வு முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் வாயிலாகியுள்ளது. அம்மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் அளித்துப் பல்கலைக்கழகங்கள் தேர்வு செய்யலாம். சேர்க்கைக்கான அம்மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும்.

இழப்பு யாருக்கு?

2016ஆம் ஆண்டின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 முனைவர் பட்ட மாணவர்க்கும் 3 எம்.ஃபில். மாணவர்க்கும் நெறியாளராகலாம். இணைப் பேராசிரியர்க்கு இவ்வெண்கள் முறையே 6, 2. உதவிப் பேராசிரியர்க்கு 4, 1. புதிய விதிகளில் முனைவர் பட்ட இடங்கள் அதே 8, 6, 4 என்றே நிற்கின்றன. நீங்கிய இடங்களுக்கு ஈடாக ஓரிடமும் கூடவில்லை. ஆகவே, ஆய்வுலகில் நுழையும் வாயில் குறுகியுள்ளது என்பது எண்களாலேயே விளங்கும்.

இக்குறுக்கம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட மாணவர், மூன்றாண்டு முதல் ஆறாண்டு வரை வருவாயின்றிப் படிக்க அஞ்சுவார். "இன்னும் ஓராண்டு" என்று கேட்டு இசைவு பெற்ற மாணவியர், "இன்னும் ஆறாண்டு" என்று கேட்கத் தயங்குவர். எம்.ஃபில். நிறுத்தப்பட்ட அதே 2022ஆம் ஆண்டில், சிறுபான்மையினரின் ஆய்வுக்கு 2009 முதல் துணைநின்ற மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் புதியோர்க்கு இல்லை என அறிவிக்கப்பட்டது. பிற உதவித்தொகைத் திட்டங்களோடு இது ஒன்றிப்போகிறது என்பதே அரசு கூறிய காரணம். எனினும் இரண்டும் ஒருசேர நின்றமையால் நம் மாணவர்க்குச் சுமை மிகுந்தது.

இலக்கியத்திற்கும் இழப்பு உண்டு. சீறாப்புராணம் போன்ற பெருங்காப்பியங்கள் தொடர்ந்து ஆராயப்படும், ஐயமில்லை. ஆனால் முனாஜாத்து, மசலா, கிஸ்ஸா, நாமா என அரபு, பாரசீக மொழிகளின் வழியே தமிழ் ஏற்றுக்கொண்ட சிற்றிலக்கிய வகைகளில் எத்தனையோ நூல்கள் மறுபதிப்பின்றிக் கிடக்கின்றன. அரபுத்தமிழில் அச்சிடப்பட்ட ஏடுகளைப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். இத்தகைய நூல்களை ஓராண்டு அமர்ந்து ஆராய்ந்தோரே எம்.ஃபில். மாணவர்.

செய்யத்தக்கன

மாணவர்க்கு: முதுகலை இறுதிப் பருவத்து ஆய்வுத் திட்டத்தைச் சடங்காகக் கருதாதீர். எம்.ஃபில். அளித்த பயிற்சியை இனி அதுவே அளித்தாக வேண்டும். முதலாண்டிலேயே பொருளைத் தேர்க. நெட் தேர்வுக்கும் அப்பொழுதே ஆயத்தமாகுக. இரு தாள்களில் 150 வினாக்கள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை. முன்னிலை பெற்று இளநிலை ஆய்வாளராகத் தேர்வாவோர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. பொருள் இல்லாமையால் ஆய்வு தடைப்படும் என்று அஞ்சுவோர்க்கு இதுவே சிறந்த விடை.

ஆசிரியர்க்கு: தமிழ்த்துறைகள் மாதம் ஒருமுறையேனும் ஆய்வு நெறிமுறை வகுப்பும், மாணவர் கட்டுரை வாசிப்பு அரங்கமும் நடத்தலாம். பழைய எம்.ஃபில். ஆய்வேடுகளைப் பட்டியலிட்டு நூலகத்தில் வைத்தால், செய்ததையே செய்யும் குறையும் நீங்கும்.

சமுதாயப் பெரியோர்க்கு: தங்கள் இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் உள்ள பழம்பதிப்புகளையும் கையெழுத்துப் படிகளையும் கல்லூரி நூலகத்திற்கு அளித்திட வேண்டுகிறோம். அளிக்க மனமில்லையேல் படியெடுக்க இசைவேனும் தருக. ஆண்டுதோறும் இளங்கலைச் சேர்க்கைக் கட்டணத்திற்கு உதவும் தங்கள் அறக்கட்டளைகள், ஓர் ஆய்வு மாணவரையேனும் மூன்றாண்டு தாங்கினால் அது நிலைத்த அறமாகும். ஆய்வை விரும்பும் மகளிர்க்கு விதிகள் கூடுதல் ஆண்டுகளையும் விடுப்பையும் தந்துள்ளன. இல்லத்தாரின் இசைவும் உடன் சேர்ந்தாலன்றி அவ்விதி ஏட்டளவிலேயே நிற்கும்.

முடிவுரை

எம்.ஃபில். என்னும் படிக்கட்டு நீக்கப்பட்டுவிட்டது. அது மீண்டும் வரும் என்று காத்திருப்பது மாணவரின் காலத்தை வீணாக்கும். முதுகலை ஆய்வுத் திட்டம், தகுதித் தேர்வு, நூலகச் சேகரம், அறக்கட்டளை உதவி ஆகிய நான்கையும் இணைத்தால் அதற்கு ஈடானதொரு வழியை நம் கல்லூரி வளாகத்திலேயே அமைத்துக்கொள்ளலாம். இவ்வாண்டு முதுகலையில் சேர்ந்துள்ள மாணவர் "அடுத்து என்ன?" என்று கேட்கும் நாளில், அவருக்கு வழிகாட்ட நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.